தலை சுற்றும் கெக்கோவுக்கு ஒரு வீடு: எனிக்மா வகையைத் தத்தெடுப்பவர்களுக்கு

நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. கழுத்தை மேலே மடக்கிக் கூரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பூச்சி மேல் பாய்ந்தால் இரண்டு விரற்கடை தள்ளிப்போய்த் தரையைக் கடிக்கிறது. "யாராவது எடுத்துக்கிறீங்களா?" என்ற கேள்வியோடு இப்படி ஒரு லெப்பர்ட் கெக்கோவின் (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், கெக்கோ வளர்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது எனிக்மா என்ற பெயர்தான்.

எனிக்மா என்பது நோயின் பெயரல்ல, நிறத்தின் பெயர். 2006 வாக்கில் அமெரிக்கப் பண்ணை ஒன்றில் தோன்றிய மார்ஃப், அதாவது நிறவகை, அது. சிதறிய புள்ளிகளும் வெளிறிய உடலுமாகப் பார்க்க அழகாக இருந்ததால் வேகமாகப் பரவியது. அந்த நிறத்தோடு நரம்புக் கோளாறும் ஒட்டிக்கொண்டே வந்தது. நிறத்தை வைத்துக்கொண்டு கோளாறை மட்டும் கழிக்கப் பலர் இனப்பெருக்கம் செய்து பார்த்தும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து இந்த மரபணு வந்தாலே போதும், குட்டி எனிக்மாதான். கோளாறின் அளவு மட்டும் ஒன்றுக்கொன்று மாறும். ஒன்று லேசாகத் தலையைச் சாய்த்தபடி பல வருடம் நன்றாக வாழும், இன்னொன்று தினமும் உருண்டு புரளும். குட்டியில் ஒன்றுமே இல்லாமல் இருந்து, வீடு மாறிய அதிர்ச்சியில் வெளிப்படுவதும் உண்டு. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அது தடுமாறும்போது அடிபடாத, பட்டினி கிடக்காத ஓர் இடத்தை அமைத்து, அமைத்ததை அப்படியே மாற்றாமல் வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

லெப்பர்ட் கெக்கோ 15 முதல் 20 வருடம் வரை வாழும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

அது எனிக்மாதானா?

தலை சுற்றும் கெக்கோ எல்லாம் எனிக்மா இல்லை. கால்சியம் குறைந்தாலும் உடம்பு நடுங்கும். ஆனால் அப்போது தாடை ரப்பர் போல மெத்தென்று இருக்கும், கால்கள் வளைந்திருக்கும், வயிற்றைத் தரையில் தேய்த்தபடி நடக்கும். காதில் சீழ் பிடித்தாலும், தலையில் அடிபட்டாலும் கழுத்து ஒரு பக்கம் சாயும். கண்ணிமைக்குள் பழைய தோல் மாட்டியிருந்தால் இரையைக் குறி தவறவிடும். நம் ஊரில் அதிகம் சந்தேகப்பட வேண்டியது கொசு மருந்து. பிளக்கில் செருகும் லிக்விட், சுருள், கரப்பான் ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ் எல்லாவற்றிலும் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கிறது. அது பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்கென்றே செய்யப்பட்டது, சிறு ஊர்வனவும் அதற்குத் தப்பாது. மூடிய அறையில் இரவெல்லாம் லிக்விட் எரிகிற வீட்டில் கெக்கோ நடுங்கினால், பழியை மரபணு மேல் போடும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

அதனால் கொடுப்பவரிடம் நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்: பெற்றோர் என்ன மார்ஃப், சுற்றுவது எந்த வயதில் தொடங்கியது, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, கடைசியாக எப்போது தானாகச் சாப்பிட்டது, எடை எவ்வளவு, ஆண் கெக்கோவோடு சேர்ந்திருந்ததா. பிறகு டேங்கைத் தொடாமல் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் எந்த எனிக்மாவும் மோசமாகத்தான் நடந்துகொள்ளும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மல்லாக்கப் புரட்டிப்போட்டு நிமிர்கிறதா என்று பார்க்கும் 'டெஸ்ட்' வேண்டாம். வால் கழுத்தளவு பருமனாக இருந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். வால் குச்சியாக இருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். மலப் பரிசோதனை முடியும் வரை வேறு கெக்கோ இருக்கும் அறைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றாலும் 60 முதல் 90 நாள் தனி அறை, தனி இடுக்கி, தனித் துணி.

வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதானால், ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ கையில் இருக்கட்டும். மருத்துவர் முன்னால் வைத்ததும் பல கெக்கோக்கள் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்துவிடும்.

காகிதம்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் நான்காம் அட்டவணையில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். லெப்பர்ட் கெக்கோவின் இயற்கை வாழிடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தொடங்கி வடமேற்கு இந்தியா வரை நீள்கிறது. ஆகவே "இது ஃபாரின் பல்லி, ஒண்ணும் வேணாம்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி எடுக்காதீர்கள். யூபிளெபாரிஸ் மாகுலேரியஸ் என்ற அறிவியல் பெயரைக் குறிப்பிட்டு வனத்துறைக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கொடுப்பவரிடம் எங்கிருந்து வாங்கினார் என்பதற்கான சீட்டு இல்லையென்றால் விலகிவிடுவதே நல்லது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. காசு கொடுத்து எனிக்மா வாங்குவதும் கூடாது. வாங்க ஆள் இருக்கும் வரை பண்ணைக்காரர் பொரிக்க வைத்துக்கொண்டே இருப்பார்.

டேங்க்

சாதாரண லெப்பர்ட் கெக்கோவுக்கு 90 செ.மீ. நீளமுள்ள தொட்டியும், பாறையும், ஏறுவதற்குக் கட்டையும் வைப்பார்கள். எனிக்மாவுக்கு அந்தக் கட்டைதான் எமன். 60-க்கு 45 செ.மீ. தரை, 30 செ.மீ. உயரம், உள்ளே ஏறுவதற்கு எதுவும் இல்லாத தட்டையான இடம் போதும். கொளத்தூர் மீன் கடைகளில் இந்த அளவுக் கண்ணாடித் தொட்டி சொன்னால் செய்து தருவார்கள். மூடி கம்பி வலையாக இருக்க வேண்டும். மூன்று பக்கக் கண்ணாடியிலும் வெளியே சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். தன் பிம்பமும் ஆள் நடமாட்டமும் தெரிந்துகொண்டே இருந்தால் சுற்றல் அதிகமாகும். செல்லோடேப்பை உள்பக்கம் ஒட்டவே கூடாது. உருளும்போது தோல் அதில் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும்.

தரைக்கு இரண்டு மடிப்பு நியூஸ்பேப்பர், மேலே கிச்சன் டவல். மணல் வேண்டாம். குறி தவறும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் மணலை விழுங்கும், அது குடலில் அடைத்துக்கொள்ளும். வழுவழுப்பான டைல்ஸில் கால் வழுக்கினால் சமநிலை இன்னும் கெடும்.

ஒளிவிடம் மூன்று வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று. நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வைப்பது மற்ற கெக்கோக்களுக்கு அருமையான யோசனை. உருண்டு புரள்கிற எனிக்மாவோ அதில் மண்டையை இடித்துக்கொள்ளும். அட்டைப்பெட்டி, முட்டை வரும் காகிதத் தட்டு போதும், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு அதே அளவில் இன்னொன்றை அதே இடத்தில் வைக்கலாம். ஈர ஒளிவிடத்துக்கு மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பா. பக்கவாட்டில் 5 செ.மீ. துளை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே பிழிந்த ஈர டிஷ்யூ வையுங்கள். தோல் உரிக்கும் நாட்களில் அதற்குள்தான் கிடக்கும். விரல்நுனியில் தோல் மாட்டிக்கொண்டால் தண்ணீரில் உட்காரவைக்க வேண்டாம், இந்த டப்பாவிலேயே 15 நிமிடம் வைத்து ஈரமான பஞ்சுக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணம்தான் பலர் கவனிக்காமல் விடும் இடம். தலைகீழாகப் புரண்ட எனிக்மா 3 செ.மீ. தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். கார்த்திகைக்கு வாங்கும் பெரிய அகல் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு செ.மீ. ஆழம்தான், விளிம்பு சரிவு, கவிழாது. பூச்சில்லாத மண் என்பதால் நான்கைந்து நாளில் அடியில் வழவழப்பு படியும். இரண்டு அகல் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கேன் தண்ணீரே ஊற்றலாம், ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன் செலவாகும்.

பொருட்களின் இடத்தை மாற்றாதீர்கள். கண்ணும் சமநிலையும் கைவிட்டாலும், எங்கே தண்ணீர், எங்கே சூடு என்ற நினைவு அதற்குக் கைகொடுக்கும். அதனால் சுத்தம் செய்வதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து, முடித்ததும் அதைப் பார்த்தே திருப்பி வையுங்கள்.

சூடும் புழுக்கமும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் பாதிக்கு மேல் எப்படிச் சூடேற்றுவது என்றுதான் எழுதியிருக்கும். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் கவலை தலைகீழ். வேண்டிய அளவு: சூடான பக்கத் தரை 32 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. மார்ச் முதல் அக்டோபர் வரை பெரும்பாலான வீடுகளில் பகலில் சூடேற்றத் தேவையே இராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) தேவைப்படும். அதைத் தொட்டிக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு வையுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே கூடாது. மற்ற கெக்கோ சுட்டால் நகர்ந்துவிடும். எனிக்மா சுற்றல் வந்து சூட்டின் மேலேயே கிடந்து வயிறு வெந்துபோகும். தெர்மோஸ்டாட்டின் முனையை ஹீட் மேட்டின் மேல், கண்ணாடிக்கு அடியில் ஒட்டிவிட்டு, உள்தரைச் சூட்டைத் தனியாக அளந்து சரிசெய்யுங்கள். பளிச்சென்ற விளக்கு வேண்டாம். ஆல்பினோ (கருநிறமி இல்லாத வகை) கலந்த எனிக்மாவுக்குச் சாதாரண ட்யூப்லைட்டே கண்ணைக் கூசும், ஜன்னல் வெளிச்சம் போதும்.

அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் மொட்டை மாடி அறையிலும் 38 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூடு உயிரை எடுத்துவிடும். டேங்க் கீழ்த்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துண்டில் சுற்றி, குளிர்ந்த பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வையுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரத்துணி போட்டுக் குளிரவைப்பது கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாகப் பலிக்காது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதே காரணத்தால்தான் கம்பி வலை மூடி என்று சொன்னது. தொட்டிக்குள் புழுங்கினால் வயிற்றுத் தோலில் பூஞ்சை வரும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போல நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் குளிரைவிடச் சாப்பாடுதான் ஆபத்து. சூடு இல்லாமல் கொடுத்த பூச்சி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். கரண்ட் திரும்பும் வரை தண்ணீர் மட்டும் வையுங்கள். டேங்கைத் தாங்கும் மேசை, முந்தைய வெள்ளத்தின் தண்ணீர்க் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேலே இருக்கட்டும்.

சாப்பாடு

ஓடவிட்டு வேட்டையாட வைப்பது எனிக்மாவுக்கு இரட்டைத் துன்பம். பிடிக்க முடியாது, பிடிபடாத கிரிக்கெட் பூச்சி இரவில் அதன் விரலையும் கண்ணிமையையும் கடிக்கும். இடுக்கியில் ஊட்டுவது அல்லது கிண்ணத்தில் போடுவது, இரண்டில் ஒன்று.

இடுக்கி 25 செ.மீ. நீளம், முனையில் சிலிக்கான் உறை. உலோக முனை என்றால் தவறிக் கடிக்கும்போது பல் போகும். நேரம் மாலை ஏழு, எட்டு மணி, மங்கிய வெளிச்சம். பூச்சியை மேலிருந்து இறக்காதீர்கள், தரையோடு தரையாக முன்னாலிருந்து கொண்டுவந்து மூக்குக்கு இரண்டு செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். ஆட்டாதீர்கள். கெக்கோவின் வால்நுனி துடிக்கும், கழுத்து நீளும், பாயும், தவறும். இடுக்கியை நகர்த்தித் துரத்தாமல் அங்கேயே பிடித்திருங்கள். இரண்டாவது முறையும் தவறினால் பூச்சியை உதட்டோரம் மெல்லத் தொடவிடுங்கள், தொட்டதும் கவ்வும். இடப்பக்கமிருந்து கொடுத்தால் எளிதா, வலப்பக்கமா என்று குறித்துக்கொண்டு அப்படியே தொடருங்கள். நான்கு முறை தவறிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். விடாமல் முயன்றால் அந்தப் பதற்றமே சுற்றலில் கொண்டுபோய் விடும்.

கிண்ணத்துக்குச் செங்குத்தான வழுவழுப்பான சுவர், 2.5 செ.மீ. உயரம், கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. எண்ணி 10 மீல்வார்ம் (வண்டுப் புழு) போட்டு, காலையில் மீதியை எண்ணுங்கள். அரோவானா மீனுக்காக விற்கும் மீல்வார்மும் சூப்பர்வார்மும்தான் இங்கே எளிதில் கிடைப்பவை. சூப்பர்வார்மில் கொழுப்பு அதிகம், வாரம் இரண்டு போதும். வளர்ந்த கெக்கோவுக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, முறைக்கு 5 முதல் 7 பூச்சி. குட்டிக்குத் தினமும். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே பூச்சிகளுக்கு கேரட், முருங்கைக் கீரை போட்டு வயிறு நிரம்ப வையுங்கள். பிறகு சிறு பிளாஸ்டிக் கவரில் பூச்சியையும் ஒரு சிட்டிகை கால்சியம் பொடியையும் போட்டுக் குலுக்குங்கள். வாரத்தில் ஒரு முறை வைட்டமின் டி3 சேர்த்தது, மற்ற நாள் சேர்க்காதது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மல்டிவைட்டமின். டி3 அதிகமானாலும் கேடுதான். விளக்கடியில் விழும் ஈசல், வீட்டுக் கரப்பான் எதுவும் வேண்டாம். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி எந்தத் தெருவில் போனதோ, அந்தப் பூச்சி எதைத் தின்றதோ யாருக்குத் தெரியும்.

வாரம் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன், கிச்சன் தராசில் டப்பாவோடு எடை போடுங்கள். 60 கிராம் கெக்கோ ஒரு மாதத்தில் 6 கிராம் இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

கொண்டுவரும் நாளும், சுற்றல் வரும் நாளும்

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். துளையிட்ட சிறு டப்பாவில் கசக்கிய டிஷ்யூவை நிறைத்து, உருள இடமில்லாமல் வைத்து, கருப்புத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் முன்னால் மாட்டிவர வேண்டாம். காலை எட்டு மணிக்குள் வீடு சேருங்கள். முதல் ஒரு வாரம் யாருக்கும் காட்டக் கூடாது. பல்லி என்றதும் பலன் பார்க்கக் கிளம்பும் பெரியவர்களும், கையில் எடுத்துப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகளும் அதன்பிறகு வரட்டும். இதன் விரலில் சுவரில் ஒட்டும் பட்டை கிடையாது, கண்ணில் இமை உண்டு, டேங்கைத் தாண்டி உத்தரத்துக்கு ஏறாது என்று சொன்னால் பாதிப் பயம் தீரும். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

சுற்றலோ உருளலோ வந்தால் கையால் பிடித்து நிறுத்தாதீர்கள். விளக்கை அணையுங்கள், அகலை வெளியே எடுங்கள், டேங்கின் மேல் துணி போடுங்கள், மணியைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், முன்னால் என்ன நடந்தது என்று எழுதிவைத்தால் இரண்டு மாதத்தில் காரணம் தானே தெரியும். வடசென்னையில் அது அநேகமாகச் சத்தமும் அதிர்வும்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் அதிரும் வீடுகளில், டேங்குக்கு அடியில் பழைய யோகா மேட்டை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஆடி மாதக் கூழ் திருவிழாவுக்குத் தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போதும், தீபாவளிக்கு முதல் நாளும், டேங்கை வாசல் அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றி, காற்றுக்கு ஒரு பக்கம் விட்டுப் போர்வை போடுங்கள். எறும்புக்கு மருந்து வைக்காமல், மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

முட்டையும் முடிவும்

எனிக்மாவை இணை சேர்க்கக் கூடாது. பிறப்பதில் சராசரியாகப் பாதிக்காவது இதே தலைவிதி. பெண் கெக்கோ ஆணோடு இருந்து வந்திருந்தால், மாதக்கணக்கில் விந்தை உள்ளே சேமித்துவைத்துக் கருவுள்ள முட்டை இடும். இட்ட அன்றே எடுத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஆணே பார்க்காத பெண்ணும் முட்டை இடலாம், வயிறு உப்பியிருந்தால் ஈர டப்பாவில் 5 செ.மீ. தேங்காய் நார்த்தூள் போட்டுவையுங்கள்.

ஊட்டியும் சாப்பிடாமல், புரண்டால் நிமிர முடியாமல், சூட்டுக்கும் நிழலுக்கும் தானாக நகர முடியாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால், குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கருணைக்கொலை பற்றிப் பேசுங்கள். வீட்டு ஃப்ரீசரில் வைத்துச் சாகவிடுவது கருணையில் சேராது, குளிர்ரத்தப் பிராணிக்கும் வலி உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், நல்ல எடையில் இருக்கும் வளர்ந்த கெக்கோ நான்கைந்து நாள் சாப்பாடில்லாமல் தாங்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, அகலில் தண்ணீர் மாற்ற மட்டும் சொல்லுங்கள். ஊட்டச் சொல்லாதீர்கள். கொசு லிக்விடைப் பிளக்கிலிருந்து எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டுப் போங்கள், நல்லது செய்வதாக நினைத்து யாராவது போட்டுவிடுவார்கள்.